மருந்து அறைக்கு வர வேண்டிய பொறியாளர்

சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அதன் உரிமத்தைத்தான் சொல்வார்கள். நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம் என்று மூன்று வகை. பெரிய ஆலைக்கு நாக்பூரில் இருக்கும் வெடிபொருள் முதன்மைக் கட்டுப்பாட்டாளர் உரிமம் தருகிறார். இடைப்பட்ட ஆலைக்குச் சென்னை அலுவலகம். குறைந்த அளவு மருந்தைக் கையாளும் சிற்றாலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர். ஆலை எவ்வளவு பெரியது, எந்த ரகம் செய்யலாம், எத்தனை பேர் வேலை பார்க்கலாம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே விளங்கிவிடும்.

நாட்டின் பட்டாசில் ஏறக்குறைய 90 விழுக்காடு இந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறது. விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் உள்ளன. பட்டாசு என்பது ஆற்றலை ஒரு காகிதக் குழாய்க்குள் அடைத்துவைத்து, வேண்டிய நொடியில் ஒளியாகவும் ஒலியாகவும் வெளிவிடும் தொழில்நுட்பம். வேதிப்பொறியியல், சுற்றுச்சூழல் பொறியியல், தொழிலகப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை; சிவகாசி அவற்றில் ஒன்று. இத்தொழிலின் சுற்றுச்சூழல் முகத்தை மாற்றியவர்களின் பணிவாழ்வை உற்றுப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படுகிறது: ஆய்வகத்தில் தலைமை இருந்தது, நீதிமன்றத்தில் இருந்தது, உரிமம் தரும் அலுவலகத்திலும் ஓரளவு இருந்தது. மருந்து கலக்கும் அறைக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பதவியை உருவாக்குவதே இந்த மாவட்டத்தின் முதன்மையான சுற்றுச்சூழல் பணி என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாக்பூரின் இரண்டு அலுவலகங்கள்

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். வானம் பார்த்த கரிசல் பூமியில் வேளாண்மை கைகொடுக்காத குடும்பங்களுக்குத் தீப்பெட்டி கஞ்சி ஊற்றியது. அதன் தொடர்ச்சியாகப் பட்டாசு வந்தது, லேபிள் அச்சிடும் தேவையிலிருந்து அச்சுத் தொழில் வளர்ந்தது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பது விவசாயிக்குச் சாபம். மருந்தைக் காயவைக்க வேண்டியவருக்கு அதுவே முதலீடு. வேலை கைவேலையாகவே பரவியது. தொழில்நுட்பமும் அப்படியே, தகப்பனிடமிருந்து மகனுக்கு, மூத்த போர்மேனிடமிருந்து இளைய போர்மேனுக்கு என்று கைமாறி வந்தது.

இந்தத் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்த முதல் தொழில்நுட்ப அதிகாரம் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் துறை. 1898-இல் தோன்றிய அந்தத் துறை இன்று பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாகப் பெசோ, என்று அறியப்படுகிறது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் அதன் கையில் உள்ளன. சிவகாசியில் அதற்கு ஓர் அலுவலகமும் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையமும் இருக்கின்றன. இத்துறையின் துணைக் கட்டுப்பாட்டாளர்களை மத்தியத் தேர்வாணையம் தேர்வு செய்கிறது. வேதியியலோ வேதிப்பொறியியலோ படித்தவர்கள் அந்தப் பதவிக்கு வருகிறார்கள்.

அதே நாக்பூரில் இன்னொரு நிறுவனமும் இருக்கிறது. 1958-இல் குடிநீர், கழிவுநீர், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றை ஆராயத் தொடங்கப்பட்டு, 1974-இல் பெயர் மாற்றம் பெற்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், அதாவது நீரி. அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் குழுமத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) ஆய்வகம் அது. பல பத்தாண்டுகளாக நாக்பூர் என்றால் சிவகாசிக்கு உரிமம் மட்டும்தான். 2018-க்குப் பிறகு கலவை வாய்பாடும் நாக்பூரிலிருந்து வரத் தொடங்கியது. ஒரே ஊரின் இரண்டு அலுவலகங்கள், ஒன்று பாதுகாப்பையும் மற்றது மாசையும் பார்க்கின்றன. சிவகாசியின் ஒரு சிறு அறையில் இருப்பவருக்கோ இந்த இரண்டும் ஒரே கலவையின் இரண்டு பக்கங்கள்.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

2015-இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில், அவர்களின் பெற்றோர் வழியாக, உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. அர்ஜுன் கோபால் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கு சிவகாசியின் போக்கையே திருப்பியது. 2016 நவம்பரில் தலைநகர் வட்டாரத்தில் பட்டாசு விற்பனை உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 2017 ஜூலையில் லித்தியம், ஆண்டிமனி, பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றின் சேர்மங்களைப் பட்டாசில் பயன்படுத்தத் தடை வந்தது. 2018 அக்டோபர் 23 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு வழங்கிய தீர்ப்பு பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்தது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது.

தீர்ப்பு வந்த சில வாரங்களில் சிவகாசி ஆலைகள் கதவை மூடின. ஏறக்குறைய நான்கு மாதங்கள் கழித்து 2019 மார்ச்சில்தான் திறந்தன. அதற்குக் காரணம் பிடிவாதம் என்று வடக்கே பலர் எண்ணினார்கள். உண்மையான சிக்கல் வேதியியலில் இருந்தது. பேரியம் நைட்ரேட் பச்சை நிறத்துக்கு மட்டும் சேர்க்கப்படுவதில்லை. கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, தரைச்சக்கரம் போன்ற ஒளி ரகங்களில் எரிவதற்கான ஆக்சிஜனைத் தருவதே அதுதான். அதை எடுத்துவிட்டால் கலவை முழுவதையும் புதிதாக அமைக்க வேண்டும். புதிய கலவை எரிய வேண்டும், கடையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதைக் கலக்கும் தொழிலாளியின் கையில் வெடிக்காமல் இருக்க வேண்டும். திருத்திய வாய்பாட்டில் பேரியத்தை அனுமதிக்கக் கேட்ட மனுவை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2025 அக்டோபரில் தலைநகர் வட்டாரத்தில் பசுமைப் பட்டாசுக்கு ஒரு சில நாட்கள் மட்டும் கட்டுப்பாடுகளுடன் அனுமதி தந்தது.

சட்டத்தின் வழியாகச் சிவகாசியைத் தொட்ட முதல் சுற்றுச்சூழல் முயற்சி இதுவன்று. கங்கை மாசு வழக்குகளால் அறியப்பட்ட வழக்குரைஞர் எம்.சி. மேத்தா, சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களுக்காகவும் வழக்காடினார். 1996 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு, பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த உரிமையாளர்களுக்கு ஆணையிட்டது. கங்கைக்காக வாதாடியவரே குழந்தைகளின் கைகளுக்காகவும் வாதாடினார் என்பது இந்த வட்டாரத்தின் சுற்றுச்சூழல் வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தி.

சாம்பலிலிருந்து தொடங்கிய ஆய்வு

நீதிமன்றம் ‘பசுமைப் பட்டாசு’ என்று சொன்னபோது அதற்கு உருவம் கொடுக்க வேண்டிய பொறுப்பு சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களுக்கு வந்தது. அப்போது நீரியின் இயக்குநராக இருந்த ராகேஷ் குமார் நகரக் காற்று மாசை நெடுங்காலம் ஆராய்ந்த பொறியாளர். ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர்களில் முதன்மையானவர் அதே நிறுவனத்தின் முதன்மை அறிவியலாளர் சாதனா ராயலு.

சாதனா ராயலுவின் பணிவாழ்வு சுற்றுச்சூழல் துறைக்கு வர நினைக்கும் எந்த மாணவருக்கும் பாடமாகும். பட்டாசுக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே அவர் அனல்மின் நிலையங்களின் உலர்சாம்பலில் வேலை செய்தவர். நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் எரிந்து மிஞ்சும் சாம்பலிலிருந்து ஜியோலைட் என்ற நுண்துளைப் படிகத்தைத் தயாரிப்பது குறித்த அவருடைய ஆய்வுகள் 2000களின் தொடக்கத்திலேயே வெளிவந்தன. ஜியோலைட்டின் நுண்துளைகள் நீரையும் வாயுக்களையும் பிடித்துவைக்கும். சூடேறினால் நீரை வெளிவிடும். மின்நிலையக் கழிவை என்ன செய்வது என்ற கேள்வியில் தொடங்கிய அந்த அறிவு, பின்னாளில் பட்டாசுப் புகையைக் குறைக்கும் சேர்க்கைப் பொருளைத் தேடும்போது கைகொடுத்தது.

நீரி அறிவித்த புதிய ரகங்கள் மூன்று. ஸ்வாஸ் எனப்படும் ரகம் வெடிக்கும்போது நீராவியை வெளிவிட்டுத் தூசை அமர்த்தும். ஸ்டார், வெடியுப்பும் கந்தகமும் இல்லாத தெர்மைட் வகை. சஃபல், அலுமினியத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்துவது. இவற்றோடு, பழைய ரகங்களிலேயே சேர்க்கைப் பொருளைக் கலந்து புகைத்துகளைக் குறைந்தது 30 விழுக்காடு குறைக்கும் வழியும் வந்தது. ஆலைகள் பெரும்பாலும் கைக்கொண்டது இதைத்தான். 2019 அக்டோபரில் பசுமைப் பட்டாசுகள் முறையாக வெளியிடப்பட்டன. பெட்டியில் பச்சை முத்திரையும் கியூஆர் குறியீடும் வந்தன. மூலப்பொருளைச் சோதிக்கும் வசதியையும் நீரி சிவகாசியிலேயே அமைத்தது.

30 விழுக்காடு குறைவு என்றால் மிச்சம் 70 விழுக்காடு இருக்கிறது என்று பொருள். பசுமைப் பட்டாசைப் புகையில்லாப் பட்டாசு என்று விற்பது தவறு. அதே நேரம், இலட்சக்கணக்கானோரின் பிழைப்பைக் காப்பாற்றிக்கொண்டே மாசைக் குறைக்க ஒரு வழியுண்டு என்று காட்டியது அந்த ஆய்வு.

அம்பாசமுத்திரம் வழியாகக் காரைக்குடி

பசுமைப் பட்டாசு ஆய்வில் பங்கேற்ற இன்னோர் ஆய்வகம் விருதுநகரின் அண்டை மாவட்டத்திலேயே இருக்கிறது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது செக்ரி. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த ஆய்வகம் அது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

அந்த ஆய்வகத்தில் தொடக்கநிலை அறிவியலாளராகச் சேர்ந்தவர் ந. கலைச்செல்வி. அம்பாசமுத்திரம் பகுதியில் பிறந்து, பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். லித்தியம் அயனி மின்கலங்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆய்வு செய்த அவர் 2019-இல் செக்ரியின் முதல் பெண் இயக்குநரானார். 2022 ஆகஸ்டில் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார்; அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவரே. நீரி, செக்ரி உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் அவருடைய பொறுப்பில் வந்தன.

இந்தப் பணிவாழ்வைத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டும் படித்தால் அதன் முக்கியமான பகுதி விட்டுப்போகும். ஒரே ஆய்வகத்தில், ஒரே துறையில், நெடுங்காலம் வேரூன்றியிருந்ததுதான் அவருடைய வலிமை. தமிழ்வழியில் அறிவியலின் அடிப்படையைப் படித்த பெண் நாட்டின் மிகப் பெரிய ஆய்வு அமைப்பின் தலைமைக்கு வர முடியும் என்றால், தமிழ்வழியில் படித்த சிவகாசித் தொழிலாளியின் மகள் தன் ஊர் ஆலையின் வேதியியலாளராக வருவதற்குத் தடையாக இருப்பது அறிவன்று. அப்படி ஒரு வேலை இல்லாததுதான் தடை.

மருந்து அறையில் என்ன நடக்கிறது

பட்டாசு ஆலையின் மருந்து அறையை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் எளிமை வியப்பைத் தரும். தனித்தனியாகத் தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகள். உள்ளே இருப்பவர் ஓடித் தப்ப வசதியாக, வெளிப்புறம் திறக்கும் கதவுகள். தரையில் ரப்பர் விரிப்பு. வாசலில், உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரத்தை மண்ணுக்கு இறக்க ஓர் உலோகத் தகடு. உள்ளே போகுமுன் அதைத் தொட வேண்டும். பருத்தி உடைதான் உடுத்த வேண்டும், இரும்புக் கருவி கூடாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றை எடைபோட்டு, சல்லடையில் சலித்து, கையால் கலக்குகிறார்கள். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

அந்தக் கடைசி விதிக்குப் பின்னால் இருக்கும் வேதியியலைப் பார்ப்போம். அலுமினியத் தூளின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அதுதான் தூளைக் காப்பது. நைட்ரேட் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் மெல்ல ஒரு வினை தொடங்கி அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா காரத்தன்மை உடையது. அந்தக் காரம் ஆக்சைடு படலத்தைக் கரைக்கிறது. படலம் போனதும் அலுமினியம் இன்னும் வேகமாக வினைபுரிகிறது, சூடு ஏறுகிறது, சூட்டால் வினை மேலும் முடுக்கம் பெறுகிறது. மழைநாள் மாலையில் மிச்சம் வைத்த மருந்து மறுநாள் காலையில் தானாகவே பற்றிக்கொள்வதற்கு இதுவே காரணமாகலாம். கலவையில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்த்தால் இந்தச் சங்கிலியை அறுக்க முடியும். இது பட்டப்படிப்பு வேதியியல். ஆனால் எவ்வளவு ஈரத்தில் வேலையை நிறுத்துவது, எவ்வளவு போரிக் அமிலம் சேர்ப்பது, இன்று வந்த அலுமினியத் தூள் நேற்று வந்ததைவிட நயமாக இருக்கிறதா என்பதை அந்த இடத்தில், அந்தக் காலையில், யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

இன்று அந்த முடிவை எடுப்பவர் போர்மேன். அனுபவத்தில் அவர் பெரிய ஆள். மருந்தின் நிறத்தைப் பார்த்தே குறை சொல்லக்கூடியவர். விபத்து நடந்தால் காவல்துறை பதியும் வழக்கில் உரிமையாளரோடு முதலில் வரும் பெயரும் அவருடையதுதான். ஆனால் பழைய கலவைக்குப் பழகிய அனுபவம் புதிய கலவைக்கு அப்படியே செல்லாது. பேரியத்துக்குப் பதில் வேறொன்று, கந்தகத்துக்குப் பதில் வேறொன்று என்று வாய்பாடு மாறும்போது உராய்வைத் தாங்கும் தன்மை, ஈரத்தை உறிஞ்சும் தன்மை, பற்றும் வெப்பநிலை எல்லாம் மாறுகின்றன. மாற்றத்தை நாக்பூர் அளந்து அனுப்புகிறது. அதன் விளைவைப் போர்மேன் கையால் அறிய வேண்டியிருக்கிறது.

வேதியியல் மாற்றம் உயிர்களைக் காத்ததற்கு இந்தத் தொழிலிலேயே சான்று உண்டு. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை சிறு உராய்வுக்கே வெடிக்கக்கூடியது. 1992 ஜனவரியில் இந்திய அரசு அந்தச் சேர்க்கையைத் தடைசெய்தது. ஒரு வரி அறிவிக்கைதான். ஆயினும் தொழிலின் மிகக் கொடிய கலவை சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டது.

ஆய்வாளர்களின் பணி

ஆலைக்கு வெளியே இருந்து கண்காணிக்கும் பொறியாளர்கள் மூன்று துறைகளில் இருக்கிறார்கள். பெசோவின் கட்டுப்பாட்டாளர்களைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உதவி இயக்குநர்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக வரும் பொறியியல் பட்டதாரிகள். பதவி உயர்வில் இணை இயக்குநர்வரை செல்வார்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் இருக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள், ஒவ்வோர் ஆலையிலும் பல அறைகள். ஆண்டுக்கு ஓரிரு முறை வந்துபோகும் ஆய்வாளரால் ஒவ்வொரு நாள் காலையும் நடக்கும் கலவையைக் கண்காணிக்க முடியாது.

விளைவை நாம் அறிவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஓர் ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்தினரும் அவர்களில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விடும் வழக்கம் அப்போது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் மீண்டும் உயிரிழப்பு. ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் ‘உராய்வு காரணமாக’ என்று இரண்டு சொல்லில் காரணம் முடிந்துவிடுகிறது.

உள்குத்தகையின் பொறியியல் பொருள் தெளிவானது. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் பேர் இருப்பார்கள். மரத்தடியிலும் வெயிலிலும் வேலை நடக்கும். மணிகளாக உருட்டிய மருந்து காயும் தளத்தில் அளவுக்கு மேல் குவியும். குத்தகைக்காரருக்குப் பருவம் முடிவதற்குள் முதலை எடுக்க வேண்டிய அவசரம். அந்த அவசரத்தில் மருந்தின் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

2000 மே 13 அன்று நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தார்கள். ஒரு குடியிருப்புப் பகுதியே அழிந்தது. முன்னாள் மக்கள் குறைகேள் அதிகாரி மார்ட்டன் ஓஸ்டிங் தலைமையில் அமைந்த குழு மறு ஆண்டே முழு அறிக்கையை வெளியிட்டது. அரசின் எல்லா நிலைகளிலும் இருந்த தவறுகளைப் பெயர் சொல்லிக் காட்டியது. புதிய பட்டாசு விதிகள் 2002-இல் வந்தன. அங்கே ஒரு விபத்து பாடப்புத்தகமானது. இங்கே விபத்துகள் பல நடந்தும், அவற்றின் தொழில்நுட்ப அறிக்கைகள் போர்மேன் படிக்கும் மொழியில், அவர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

கணக்கில் வராத மாசு

டெல்லியின் காற்றைப் பற்றி நடந்த பேச்சில் பத்தில் ஒரு பங்குகூடச் சிவகாசியின் தண்ணீரைப் பற்றி நடக்கவில்லை. சிவகாசிப் பட்டாசு ஆலைப் பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் அதிக அளவில் இருப்பதாக இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பெர்குளோரேட் நீரில் எளிதில் கரையும். உடலில் தைராய்டு சுரப்பி அயோடினை உறிஞ்சுவதைத் தடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது கவலைக்குரியது. தீபாவளிப் புகை சில நாட்களில் கலைந்துவிடும். கிணற்றுக்குள் இறங்கிய உப்பு அப்படிக் கலைவதில்லை. ஆலைக் கழிவு மருந்தைக் குழியில் கொட்டி எரிப்பதும், தரையைக் கழுவிய நீரை வெளியே விடுவதும் அன்றாட வழக்கமாக இருக்கும் வரை இந்தச் சிக்கல் தீராது. இது ஒரு சுற்றுச்சூழல் பொறியாளரின் நேரடி வேலை: கழிவுநீரைத் தேக்கும் தொட்டி, கழிவு மருந்தை நீரில் நனைத்துச் செயலிழக்கவைக்கும் முறை, கிணறுகளைக் காலாண்டுக்கு ஒரு முறை சோதிக்கும் பதிவேடு.

கணக்கில் வராத இன்னொன்று சரவெடி பின்னிய பெண்களின் வருமானம். தடைக்கு முன் இவ்வட்டாரக் கிராமங்களில் சரம் பின்னுவதே பல பெண்களின் கூலி. தடை நியாயமானது, நீண்ட சரம் காற்றையும் காதையும் கெடுப்பது உண்மை. ஆனால் அந்தப் பெண்களுக்கு மாற்று வேலை என்ன என்று தீர்மானிக்கும் பொறுப்பு எந்தத் துறைக்கும் தரப்படவில்லை. நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லில் அவர்களின் வாரக்கூலியும் அடங்கியாக வேண்டும்.

கல்லூரிகள் அருகிலேயே இருக்கின்றன

இந்த மாவட்டத்துக்குப் பொறியாளர் பஞ்சம் இல்லை. 1984-இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி சிவகாசியிலேயே இருக்கிறது. அதைத் தோற்றுவிக்க முன்னின்ற மெப்கோ நிறுவனம் அலுமினியத் தூள் உள்ளிட்ட உலோகத் தூள்களைத் தயாரிப்பது. பட்டாசுக்கு ஒளியும் ஒலியும் தரும் அதே பொருளின் தொழில்தான் ஒரு பொறியியல் கல்லூரியையும் தந்தது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம், விருதுநகர் அருகே காமராஜ் பொறியியல் கல்லூரி, சிவகாசியில் 1963 முதல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று பட்டியல் நீளும். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் பெறுவோர் இங்கெல்லாம் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் சென்னைக்கும் பெங்களூருக்கும் மென்பொருள் வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரில் அவர்களுக்கென்று ஒரு பதவி இல்லை.

சுற்றுச்சூழல் துறையில் வேலைகள் பெருகிவருவது உண்மை. தமிழ்நாடு அரசு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் காலநிலை மாற்ற இயக்கத்தை அமைத்திருக்கிறது. முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் இளம் பட்டதாரிகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் பணிபுரிகிறார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியதால் அறிக்கை எழுதும் பணிகளும் கூடியுள்ளன. ஆனால் டி.ஆர்.ஓ. உரிமத்தில் ஓடும் ஒரு சிற்றாலை எந்தப் பங்குச் சந்தையிலும் இல்லை. அதற்காக யாரும் அறிக்கை எழுதுவதில்லை. அறிக்கையில் வரும் வேலைகள் பெருகுகின்றன, ஆபத்து இருக்கும் இடத்தில் வேலை உருவாகவில்லை.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டது பெரிய ஆலைகளிடமும் அபாயகரமானவை என அறிவிக்கப்பட்டவற்றிடமும்தான். 1984 போபால் பேரழிவுக்குப் பின் 1987-இல் அந்தச் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளுக்கென்று தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் சிற்றாலையால் ஒரு முழுநேர வேதியியலாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்று உரிமையாளர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

வழி ஒன்று இருக்கிறது. அருகருகே உள்ள சிற்றாலைகளைத் தொகுப்புகளாகச் சேர்த்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு வேதியியலாளரை அல்லது வேதிப்பொறியாளரை நியமிக்கலாம். சம்பளத்தை ஆலைகளும் அரசும் உற்பத்தியாளர் சங்கமான டான்பாமாவும் பகிர்ந்துகொள்ளலாம். அவருடைய கடமைகள் எளியவை, தெளிவானவை: நாள்தோறும் காலையில் காற்றின் ஈரத்தை அளந்து கலவைக்கு அனுமதி தருவது, புதிதாக வரும் மூலப்பொருளைச் சோதிப்பது, மருந்தின் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பதிவது, மிச்ச மருந்தை மாலையில் செயலிழக்கச் செய்வது, கிணற்று நீரை அனுப்பிச் சோதிப்பது. வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்குச் சட்டப்படி இருக்க வேண்டும். அந்த அதிகாரம் இல்லாத பதவி வெறும் கையெழுத்துப் பதவியாகிவிடும். உள்குத்தகையை முதலில் கண்டுபிடிப்பவரும் அவராகத்தான் இருப்பார் என்பதால், அவருக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

இந்தப் பதவிக்கு ஏணியும் வேண்டும். அங்கே சில ஆண்டுகள் பணியாற்றியவருக்குப் பெசோவிலும் பாதுகாப்பு இயக்ககத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் முன்னுரிமை தரலாம். மருந்து அறையை அறிந்தவர் ஆய்வாளராக வந்தால் ஆய்வின் தரமே மாறும். மாவட்டத்தின் கல்லூரிகள் வெடிமருந்து வேதியியலையும் தொழிலகப் பாதுகாப்பையும் சேர்த்து ஒரு படிப்பைத் தொடங்கலாம். அனுபவமுள்ள போர்மேன்களை அதில் பயிற்றுநர்களாக அமர்த்தலாம். நடந்த ஒவ்வொரு விபத்தின் தொழில்நுட்ப அறிக்கையையும் தமிழில் அச்சிட்டு ஆலைதோறும் கொடுக்கலாம். அச்சுத் தொழிலுக்குப் பேர்போன ஊரில் அதற்குத் தாளும் மையும் ஒரு செலவே இல்லை.

ஆய்வகத்தில் சாதனா ராயலுவும் ஆய்வு நிர்வாகத்தில் கலைச்செல்வியும் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய பணியின் பயன் ஒரு தொழிலாளியின் கைக்கு வந்து சேர இன்னும் ஒரு படி மட்டும் மிச்சம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகளும் ஆலை உரிமையாளர்களும் கல்லூரி நிர்வாகங்களும் சேர்ந்து கேட்டால், இந்தப் பதவிக்கான அரசாணையை வரும் தீபாவளிப் பருவத்துக்கு முன்பே பெற முடியும். அவர்கள் கேட்க வேண்டும். கேட்கும்படி நாம் அவர்களை வற்புறுத்த வேண்டும்.